பாதிக் கதையில எந்திரிச்சுப் போ, மாப்ளே!

மாப்ளே, உம் மகன் புத்தகத்தைத் தொட மாட்டேங்கிறான்னு நீயும் உன் வீட்டுக்காரியும் மாத்தி மாத்திப் போன் போட்டுட்டீக. அந்தப் புள்ளை எனக்கு மக முறை, அதனால வையாமச் சொல்றேன். இதுக்கு எந்த டாக்டரைப் பார்க்கணும்னு கேட்டுச்சு பாரு, அங்கிட்டுத்தான் எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கிருச்சு. பயலுக்குக் காய்ச்சலா, சளியா? ஒன்பது வயசுக்காரன். உங்க வீட்டுல புத்தகத்துக்குச் செஞ்சு வச்சிருக்கிற சோடிப்பைப் பார்த்து மிரண்டு போய் நிக்கிறான், அம்புட்டுத்தான்.

நானும்தான் பார்த்தேனே. ஹால்ல கண்ணாடி பீரோ. உள்ள ஒரே அளவு, ஒரே ஒசரத்துல இங்கிலீஷ் புத்தகமா அடுக்கியிருக்கு. பூட்டு வேற. சாவி சாமி படத்துக்குப் பின்னாடி. எங்க ஊர்க் கோயில் நகைக்குக்கூட இம்புட்டுக் காவல் கிடையாது. சுவத்துல ஒரு அட்டவணை: ஏழு மணியில இருந்து ஏழரை வரைக்கும் 'வாசிப்பு நேரம்'. வாசிச்சா ஒரு ஸ்டார் ஒட்டணும், பத்து ஸ்டார் சேர்ந்தா பீட்சா. ஏன் மாப்ளே, கசப்பு மருந்துக்குத்தான் பின்னாடியே சீனி குடுப்பாக. புத்தகம் கசக்கும்னு பயலுக்கு நீங்களே தாக்கல் சொல்லிட்டீக. அவன் வெவரமானவன், புரிஞ்சுக்கிட்டான்.

இன்னொண்ணு. ஏழு மணிக்கு அவன் புத்தகத்தை விரிச்சு வச்சு உட்கார்ந்திருக்கான். எதிர்த்தாப்ல சோபாவுல நீ காலை நீட்டிக்கிட்டு, போன்ல எவனோ பரோட்டா வீசுறதைப் பார்த்துக்கிட்டு இருக்க. உங்க தெருமுக்குல நேர்லயே வீசுறான்யா, அங்கிட்டுப் போய்ப் பார்க்கக் கூடாதா? பய ஒரு கண்ணால புத்தகத்தையும் ஒரு கண்ணால உன்னையும் பார்க்கிறான். எதுல ருசி இருக்குன்னு அவனுக்கு யாரும் சொல்லித் தரணுமா?

நான் எட்டாப்போட படிப்பை ஏறக்கட்டினவன். எனக்கு எப்படி வாசிப்புக் கிறுக்குப் பிடிச்சுச்சுன்னு நீ ஒரு நாள் கேட்ட. எவனும் வாசிடான்னு சொல்லலை. அதான் காரணம்.

சங்கம் வச்ச ஊருன்னு மதுரைக்குப் பேரு. 1901-ல பாண்டித்துரைத் தேவர் நாலாவதா ஒரு தமிழ்ச் சங்கமும் வச்சாக. அதெல்லாம் பெரிய படிப்பு, பெரிய மனுசங்க சோலி. என் மாதிரிக் காட்டுப்பயலை வாசிக்க வச்சது இதே ஊருல 1942 நவம்பர் 1-ல பிறந்த தினத்தந்தி. சி.பா. ஆதித்தனார் சீமையில பாரிஸ்டர் படிச்சுட்டு வந்தவரு. ஆனா எழுத்துக்கூட்டி வாசிக்கிறவனுக்கும் வெளங்கணும்னு பெரிய பெரிய தலைப்பு, சின்னச் சின்ன வாக்கியம், நம்ம பேசுற பேச்சுன்னு பேப்பரை நடத்துனாரு. டீக்கடையில பெஞ்சுக்கு ஒரு பேப்பர்தான். அதைத் தாள் தாளாப் பிரிச்சு ஆளுக்கொண்ணு வச்சிருப்பாக. கண்ணாடி போட்ட பெருசு ஒண்ணு சத்தமா வாசிக்கும், மிச்சம் பேரு டீயை ஆத்திக்கிட்டே தீர்ப்புச் சொல்லுவாய்ங்க. சின்னப்பயலுகளுக்குத் தாள் தர மாட்டாக. நாங்க எதிர்த்தாப்ல குத்த வச்சு, பேப்பருக்கு அந்தப் பக்கம் தெரியுறதை வாசிக்கணும். அவுக மடிச்சா, மடிச்ச கோணத்துக்கு நாமளும் தலையைத் திருப்பணும். இன்னைக்கும் எனக்கு எழுத்தைத் தலைகீழா வாசிக்கத் தெரியும். பேங்குல மேனேசர் மேசையில என்ன எழுதியிருக்குன்னு இங்கிட்டு நின்னே சொல்லிப்புடுவேன், அது வேற விசயம்.

எங்களுக்கு வேண்டியது கன்னித்தீவு. மூணு கட்டம், மூணு படம். சிந்துபாத் ஒரு இக்கட்டுல மாட்டுவான், அன்னைக்குப் பொழுது முடிஞ்சுச்சு. நாளைக்குப் பேப்பர் வரணும். எங்க ஊருக்குப் பேப்பர் கொண்டார்ற மேலூர்ப் பஸ் லேட்டானா எங்களுக்கு நெஞ்சு அடைச்சுக்கும். அறுபதுகள்ல ஏறின கப்பல் எங்க தலைமுறை பேரன் எடுத்த பிறகும் கரையேறலை. நீங்க அதை வச்சுக் கேலி பேசுறீக. எந்தக் கல்வி அதிகாரியும் செய்யாததை அந்த மூணு கட்டம் செஞ்சுச்சுடா மாப்ளே. நாளைக்கு என்னன்னு தெரியாம ஒரு பயலைத் தூங்க வச்சுச்சு.

உன் வீட்டுல குறை அதுதான். எல்லாம் முழுசா இருக்கு. கதை முழுசு, புத்தகம் முழுசு, அதுக்கு மேல கடைசியில 'இதில் இருந்து நீ கற்றது என்ன'ன்னு ஒரு கேள்வியும் முழுசு. பசிக்க விடாம ஊட்டுறீக. கொஞ்சம் மிச்சம் வையி. பாதியில எந்திரிச்சுப் போ.

இது நான் கண்டுபிடிச்ச வித்தை இல்லை. உங்க அப்பத்தா கதை சொன்னா கோட்டை வாசல் வரைக்கும் ராசகுமாரனைக் கூட்டிட்டு வந்துட்டு, "மாடு கத்துதுடா, தண்ணி காட்டிட்டு வந்துர்றேன்"னு போயிரும். மாடு கத்தவே கத்தாது. கிழவிக்குத் தெரியும், நாங்க பின்னாடியே ஓடியாந்து வைக்கோலை அள்ளிப் போடுவோம்னு. கதையில பாதி, கூலியில்லாத வேலை பாதி.

மந்தைச் சாவடியிலயும் இதே கூத்துதான். அரிக்கேன் லைட்டு வெளிச்சத்துல ஒருத்தர் பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலை வாசிப்பாரு. பெரிய எழுத்துன்னா நிசமாவே கண்ணு மங்கினவனுக்கும் தெரியுற அச்சு. நடுநடுவுல மரக்கட்டையில செதுக்கி அடிச்ச படம். புகழேந்திப் புலவர் பேரைப் போட்டு வித்த புத்தகம், எழுதினது ஆருன்னு அல்லிக்கே தெரியாது. நம்ம மதுரையை ஆண்டவ, அர்ச்சுனனையே அலைய விட்டவ, அவ கதைன்னா பொம்பளைக கூட்டம் சாவடிக்கு அந்தப்புறம் திண்ணையில காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கும். வாசிக்கிறவரு களவாணி. அர்ச்சுனன் அரண்மனைக்குள்ள நுழைஞ்சதும் புத்தகத்தைக் கவுத்து வச்சுட்டு வெத்தலைப் பெட்டியைத் தேடுவாரு. எவனாச்சும் ஓடிப்போய் வெத்தலை வாங்கிட்டு வந்தாத்தான் அடுத்த வரி. ஒரு நாள் அவரு அசந்து தூங்கையில நாங்க ரெண்டு பேரு புத்தகத்தைக் களவாண்டு வைக்கோல் படப்புக்குள்ள வச்சு எழுத்துக்கூட்டி வாசிச்சோம். வாத்தியார் பிரம்பால வராத கூட்டெழுத்தெல்லாம் அன்னைக்கு வந்துச்சு.

அந்தப் புத்தகமெல்லாம் எங்க கிடைச்சுச்சுங்கிற? மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிர்த்தாப்ல, புதுமண்டபத்துல. திருமலை நாயக்கரு சாமிக்கு வசந்த விழா நடத்தக் கட்டினது. நம்மாளு அதுக்குள்ள தையல் மிசின், வளையல், பித்தளைச் சாமான், புத்தகம்னு எல்லாத்தையும் கொண்டுபோய் ஏத்திட்டான். சித்திரைத் திருநாளுக்கு வர்ற பட்டிக்காட்டு ஆளு, பொண்டாட்டிக்கு ரவிக்கை தைக்கக் குடுத்துட்டு, தைச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துக் கடையில நின்னு புத்தகத்தைப் புரட்டுவான். கடைகளை எல்லாம் சில வருசத்துக்கு முந்திக் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாத்திட்டாய்ங்க. மண்டபத்துக்கு நல்லதுதான், நாயக்கர் சிலைகளுக்கு மூச்சு விட இடம் கிடைச்சுச்சு. ஆனா ரவிக்கைக்குக் காத்திருந்து புத்தகம் வாங்கினவன் இனிமே எங்கிட்டுக் காத்திருப்பான்?

நல்லாக் கவனி, நம்ம ஊருல வாசிப்பு ஒரு நாளும் தனியா வரலை. வேற ஏதோ ஒரு சோலியோட ஒட்டிக்கிட்டுத்தான் வந்துச்சு. ரயில்வே டேசனுக்கு எதிர்த்தாப்ல விக்டோரியா எட்வர்டு மன்றம் இருக்கே, அதுல அந்தக் காலத்துல பகல்ல படிப்பகம், பொழுது சாஞ்சா ரீகல் தியேட்டர். இங்கிலீஷ் படம். ஒரே கட்டடத்துல மத்தியானம் ஒரு கூட்டம் பேப்பரும் புத்தகமும் புரட்டும், சாயங்காலம் ஒரு கூட்டம் துப்பாக்கிச் சண்டை பார்க்கும். ரெண்டு கூட்டத்துலயும் இருந்த ஆளுக உண்டு. டிக்கெட் குடுக்க நேரமிருக்கேன்னு உள்ள போய் உட்கார்ந்து வாசிச்சவன், படத்தைவிட்டுட்டு அதுலயே முழுகிப் போனதும் உண்டு. இன்னைக்குப் பெரிய மால் கட்டுறாய்ங்க, உள்ள சினிமா இருக்கு, ஐஸ்கிரீம் இருக்கு, உட்கார்ந்து பேப்பர் வாசிக்க ஒரு பெஞ்சு இல்லை.

தூத்துக்குடியில பொன். மாரியப்பன்னு ஒருத்தரு முடிவெட்டுற கடையில புத்தகத்தை அடுக்கி வச்சாரு. எட்டாப்போட நின்னவரு, என் செட்டு. புத்தகம் வாசிக்கிறவனுக்கு வெட்டுற கூலியில தள்ளுபடி. 2020 அக்டோபர்ல பிரதமரே ரேடியோவுல அவரோட தமிழ்ல ரெண்டு வார்த்தை பேசுனாரு. அவருக்கு இருந்த கூறு என்ன தெரியுமா? கடைக்கு வந்தவனுக்கு வேற போக்கிடம் இல்லை, கழுத்தைச் சுத்தித் துணி கட்டியாச்சு அல்லது அடுத்த முறைக்குக் காத்திருக்கணும். அந்தச் சும்மா இருக்கிற நேரத்தைப் பிடிச்சாரு. நீ உம் மகனுக்குச் சும்மா இருக்கிற நேரத்தையே வைக்கலையே! பாட்டு கிளாஸ், கராத்தே, அபாகஸ், இந்தி டியூசன். வாடிவாசல்ல வரிசை கட்டுன காளை மாதிரி ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு. சும்மா இருக்க விட்டா மூணாவது நாளு அவனா எதையாச்சும் புரட்டுவான். போனை மட்டும் எட்டாத இடத்துல வையி. முதல்ல உன் போனை.

பயலைப் பஸ்ல கூட்டிட்டு வர்றப்ப சன்னலோரம் உட்கார வையி. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல இருந்து மேலூரு வர்றதுக்குள்ள சுவரெல்லாம் தமிழ்தான். மதுரைக்காரன் போஸ்டர் ஒட்டுறதுக்குன்னே பிறந்தவன். காதணி விழா, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, அடுத்த முதல்வரே, பதினெட்டுப் பட்டி சிங்கமே. எதுகை மோனை அங்க கரைபுரண்டு ஓடும். போன தடவை உம் மகன் ஒரு போஸ்டரை வாசிச்சுட்டு, "தாத்தா, கண்ணீர் அஞ்சலியில எதுக்கு இத்தனை பேரு கூலிங்கிளாஸ் போட்டுச் சிரிக்கிறாங்க?"ன்னு கேட்டான். அப்பவே எனக்கு நம்பிக்கை வந்துருச்சு. வாசிச்சுட்டுக் கேள்வி கேக்குறவன் தேறிருவான். நீ வண்டியில ஏசியைப் போட்டுக் கண்ணாடியை ஏத்திவிட்டு, பின்சீட்டுல அவன் கையில ஒரு வீடியோவைக் குடுத்துட்டா சுவரு பாவம் என்ன செய்யும்?

அப்புறம் எந்தப் பாஷைன்னு ஒரு சண்டை உங்க வீட்டுல. இங்கிலீஷ் படிக்கட்டும்யா, ஆரு வேண்டாம்கிறா. ஆனா பய தங்கச்சியோட எந்தப் பாஷையில சண்டை போடுறானோ அந்தப் பாஷையில முதல்ல கதை கேக்கட்டும். நீங்க ஒரு வருசத்துக்குக் கட்டுற பீசுல எங்க ஊருல ஒரு கறவை மாடு வாங்கலாம். அந்தப் பள்ளிக்கூடத்துல பாடப்புத்தகத்தைத் தாண்டி ஒரு கதைப்புத்தகத்தை வீட்டுக்குக் குடுத்துவிட யோசிக்கிறாகன்னு நீதான் சொன்ன. எங்க ஊரு காசு கட்டாத பள்ளிக்கூடத்துப் புள்ளைக பையில ஊஞ்சல், தேன்சிட்டுன்னு அரசாங்கமே போட்ட பத்திரிகை இருக்கு. வாசிப்பு இயக்கம்னு 2023-ல ஆரம்பிச்சு, சின்னச்சின்னப் புத்தகமா நாலு படியாப் பிரிச்சுக் குடுத்தாய்ங்க. படிக்கு வச்ச பேரைக் கேளு: நுழை, நட, ஓடு, பற. நானே 'ஓடு' வரைக்கும் வந்துட்டேன், 'பற'வுல ரெண்டு புத்தகம் பாக்கி. மாடு மேய்க்கிற கருப்பாயி பேத்தி என்கிட்ட வந்து, "தாத்தா, நீங்க இன்னும் ஓடுறீகளா?"ன்னு கேட்டுட்டுப் போகுது. அதுக்கு முந்தியே 2022 செப்டம்பர் 15-ல, மதுரை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில காலைச் சாப்பாடு ஆரம்பிச்சாகளே, அதையும் இந்தக் கணக்குல சேரு. வெறும் வயித்தோட வந்த புள்ளைக்கு எந்த எழுத்தும் இட்லியாத்தான் தெரியும்.

இப்பக் காசு விசயத்துக்கு வர்றேன், அதைச் சொன்னாத்தான் நீ காதைக் குடுப்ப. வீட்டு வரி கட்டுற ரசீதை எடுத்துப் பாரு. அதுல நூலக வரின்னு நூத்துக்குப் பத்து ரூபா சேர்த்து வாங்குறாய்ங்க. 1948-ல சுதந்திர இந்தியாவுலயே முதல்முதலா நூலகத்துக்குன்னு சட்டம் போட்டது நம்ம சென்னை மாகாணம். அந்தச் சட்டத்துக்கு முன்னாடி நின்னு பாடுபட்டவரு சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன். ஒரு கணக்கு வாத்தியாரு. 1924-ல அவரைச் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போட்டப்ப, போன கொஞ்ச நாள்லயே இங்க பொழுது போகலை, என்னைத் திரும்பக் கணக்குச் சொல்லிக்குடுக்க அனுப்புங்கன்னு முறையிட்டாராம். நம்ம நாட்டு நூலகத்துறைக்கே தகப்பன்னு சொல்ற ஆளுக்கே முதல்ல புத்தகக் கிடங்கு போரடிச்சிருக்குன்னா, உம் மகன் கொட்டாவி விட்டா என்ன குத்தம்? அவரை லண்டனுக்கு அனுப்பி வச்சாக, அங்க மத்த நூலகம் நடக்கிற விதத்தைப் பார்த்துட்டு வந்து பித்துப் பிடிச்சுப் போனாரு. ஊர் சுத்தினாப் புத்தி வரும்.

அவரு 1931-ல அஞ்சு விதி எழுதுனாரு. முதல் விதியே, புத்தகம் பொழங்குறதுக்குன்னுதான். ஒரு காலத்துல சீமையில புத்தகத்தைச் சங்கிலி போட்டு அலமாரியோட கட்டி வச்சிருந்தாய்ங்களாம். படிச்சப்ப, மாப்ளே, உன் சாவி ஞாபகம் எனக்கு வந்துச்சு. அதே 1931-ல மன்னார்குடியில கனகசபைப் பிள்ளைன்னு ஒருத்தரு மாட்டு வண்டியில புத்தகத்தை ஏத்திக்கிட்டு ஊர் ஊராப் போக விட்டாரு. வண்டி வர்றதைக் கேட்டுப் புள்ளைக ஓடியாரும். உரமூட்டை, நெல்லு மூட்டை ஏத்துன வண்டியில கதை வந்துச்சுன்னா அதை ஆரு வேண்டாம்பா?

நீ கட்டுன வரிக்கு வட்டியோட வசூல் பண்ண ஒரு இடம் இருக்கு. புது நத்தம் ரோட்டுல கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2023 ஜூலை 15, காமராசர் பிறந்த நாளு அன்னைக்குத் திறந்தாக. தரைத்தளத்துக்கு மேல ஆறு மாடி, 2 லட்சத்து 13 ஆயிரம் சதுர அடி, புள்ளைகளுக்குன்னு தனிப் பகுதி. நீயும் போன, ஒத்துக்கிறேன். வாசல்ல நின்னு ஒரு போட்டோ, லிப்டுல ஒரு போட்டோ, பய புத்தகத்தைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிக்க ஒரு போட்டோ. அவன் ஒரு படப் புத்தகத்தை எடுத்து உட்காரையில "நேரமாச்சு, சாப்பிடப் போகணும்"னு இழுத்துட்டு வந்துட்டீக. தமுக்கம் மைதானத்துல புத்தகக் கண்காட்சி நடக்கையிலயும் உங்க சங்கதி தெரியுமே. உள்ள பத்து நிமிசம், வெளிய டெல்லி அப்பளத்துக்கு அரை மணி நேரம்.

அடுத்த தடவை அவனை உள்ள விட்டுட்டு நீ காணாமப் போயிரு. தூண் பின்னாடி உட்கார்ந்து பார்த்துக்க, ஆனா கண்ணுல படாத. அவன் எடுக்கிறதை எடுக்கட்டும். தப்பான புத்தகத்தை எடுப்பானேன்னு உன் வீட்டுக்காரி தவிக்கும். தவிக்கட்டும். சிவகாசியில இருந்து முத்து காமிக்ஸ் வர ஆரம்பிச்ச காலத்துல இரும்புக்கை மாயாவியை வாசிச்சா புள்ளை உருப்படாதுன்னு எத்தனை வீட்டுல அடுப்புல போட்டாய்ங்க. பயலுக வரலாறுப் புத்தகத்துக்குள்ள மாயாவியை வச்சு வாசிச்சாய்ங்க. வாத்தியாரும் பார்த்துட்டுப் பார்க்காத மாதிரிப் போவாரு, ஏன்னா அடுத்தாப்ல அவருக்கு வேணும். அப்படிக் களவா வாசிச்சவன்தான் பின்னாடி கனமான புத்தகத்துக்கெல்லாம் வந்தான். நல்ல புத்தகம் மட்டும் குடுத்து வளர்த்த புள்ளை ஒண்ணை எனக்குத் தெரியும். நல்லா வேலை பார்க்குது, நல்லாச் சம்பாதிக்குது, போன்ல பரோட்டா வீசுறதைப் பார்க்குது. உங்க அப்பா மேல தப்பு இல்லை, அவுக நல்லெண்ணத்துலதான் செஞ்சாக.

அம்புலிமாமா ஞாபகம் இருக்கா? உன் காலத்துலயும் வந்துச்சு. 1947-ல நாகிரெட்டியும் சக்கரபாணியும் ஆரம்பிச்சது. மாயா பஜார் எடுத்தாகளே, அதே ஆளுக. இன்டர்வெல் எங்க விடணும்னு சினிமாக்காரனுக்குச் சொல்லவா வேணும்? விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோள்ல போட்டுக்கிட்டு வருவான். சங்கர் வரைஞ்ச அந்தப் படத்தை இன்னைக்கும் கண்ணை மூடினாப் பார்க்கலாம், ஒரு கையில வாளு, தோள்ல பிணம், சுத்தி மரமும் இருட்டும். வேதாளம் கதையைச் சொல்லி ஒரு கேள்வி போடும். பதில் தெரிஞ்சும் சொல்லலைன்னா தலை சுக்குநூறாகும். பதில் சொன்னா மௌனம் கலைஞ்சுரும், அது மறுபடியும் முருங்கை மரத்துல ஏறிக்கும். அடுத்த மாசத்துக்கு மரம் தயார். எங்க காலத்துக்குச் சோறு போட்டது அந்த முருங்கை மரம்.

பெரியவுகளுக்கும் இதே மருந்துதான். 1950-ல இருந்து நாலு வருசம் கல்கியில பொன்னியின் செல்வன் வந்துச்சு. வாராவாரம் அந்தப் பக்கத்தை மட்டும் கிழிச்செடுத்து நூல் கோத்துத் தைச்சு வீட்டுக்கு வீடு பைண்டு வால்யூம் வச்சிருந்தாக. எங்க வீட்டுப் பரண்ல டிரங்குப் பெட்டிக்குள்ள ஒண்ணு கிடந்துச்சு. அதுல ரெண்டு வாரத்துப் பக்கம் காணாது, எலி கொண்டு போச்சோ, எவன் கொண்டு போனானோ. அந்த ரெண்டு வாரத்துக் கதையை நானா இட்டுக்கட்டி வச்சிருந்தேன். பின்னாடி முழுப் புத்தகம் கிடைச்சு வாசிச்சப்ப, என் கதை இன்னும் கொஞ்சம் நல்லா இருந்துச்சு. சத்தியமாச் சொல்றேன், சிரிக்காத.

சரி, நீ கேட்டது வைத்தியம்தானே, கேட்டுக்க. ராத்திரி படுக்கையில நீ வாசி. கொஞ்ச நேரம் போதும். தமிழ்ல, குரலை ஏத்தி இறக்கி, கிழவி வந்தாக் கிழவி மாதிரி, திருடன் வந்தாத் திருடன் மாதிரி. ஆபீஸ் மீட்டிங்குல பேசுற குரல்ல வாசிச்சா நாய்கூடக் கேக்காது. திருடன் சன்னல் வழியா உள்ள குதிச்சதும் கொட்டாவி விடு. "தூக்கம் வருதுய்யா, நாளைக்குப் பார்ப்போம்"னு புத்தகத்தைத் தலையணைப் பக்கத்துல கவுத்து வச்சுட்டு எந்திரிச்சுப் போ. பய கெஞ்சுவான், இரங்கிறாத. போறப்ப லைட்டை மட்டும் அணைச்சுப்புடாத. அதுலதான் சூட்சமமே இருக்கு. கதவுக்கு வெளிய நின்னு எட்டிப் பார்க்காத, அவனுக்குத் தெரிஞ்சுரும். மறுநாள் காலையில அவன் கண்ணு சிவந்திருந்தா ஒண்ணும் கேக்காத. பள்ளிக்கூட வேன் வர்றதுக்குள்ள அவனே திருடன் ஆருன்னு உன்கிட்டச் சொல்லிருவான். நீ அப்பத்தான் முதல்தடவை கேக்குற மாதிரி ஆச்சரியப்படணும், அது முக்கியம்.

உன் வீட்டுக்காரிக்கு ஒரு வேலை. பீரோவுக்கு மேல, அவன் ஸ்டூல் போட்டா எட்டுற ஒசரத்துல ஒரு புத்தகத்தை வச்சுட்டு, "அது பெரியவங்க படிக்கிறது, தொடாதே"ன்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சொல்லணும். என்ன புத்தகம்னு கேக்குறியா? எதுவா இருந்தா என்ன, ஜி. நாகராசன் மட்டும் வேண்டாம், அது நெசமாவே பெரியவுக படிக்கிறது.

என்னமோ இவரு வாயாலதான் பேசுவாரு, செஞ்சு காட்டச் சொல்லுன்னு அந்தப் புள்ளை முணங்கும். போன லீவுக்குப் பயலை எங்க ஊருக்கு அனுப்புனீகள்ல? வந்த மறுநாளே கண்ணாடியைத் தொலைச்சுட்டேன்னு சொல்லிட்டேன். "தாத்தாவுக்குக் கண்ணு தெரியலைடா, பேப்பர்ல என்ன போட்டிருக்கு, செத்த வாசிச்சுச் சொல்லேன்"னேன். முதல் நாளு தலைப்பு மட்டும் வாசிச்சான், அதுவும் முக்கி முக்கி. 'ழ'கரம் வராம நாக்கைக் கடிச்சுக்கிட்டான். நான் திருத்தலை. "மழையாமா, மலையாமா? வெதை போடலாமா வேண்டாமா?"ன்னு கவலையாக் கேட்டேன். என் வெதப்பாடே அவன் நாக்குல இருக்குன்னு தெரிஞ்சதும் நிமிர்ந்து உட்கார்ந்து சரியாச் சொன்னான். அப்புறம் மந்தையில என் கூட்டாளிக நாலு பேருக்கும் அவன்தான் ஆஸ்தான வாசிப்பாளன். வெத்தலை வாங்கியாந்தாத்தான் அடுத்த பக்கம்னு மிரட்டுற அளவுக்கு வந்துட்டான். எங்கிட்டு இருந்து கத்துக்கிட்டானோ!

உனக்கு மட்டும் சொல்றேன். மதுரை அரவிந்த் ஆஸ்பத்திரியில புரை எடுத்து லென்ஸ் வச்ச கண்ணு மாப்ளே இது. மாட்டுத்தாவணியில அந்தக் கோடியில நிக்கிற பஸ் எந்த ஊருக்குன்னு இந்தக் கோடியில இருந்து சொல்லுவேன். தொலைஞ்ச கண்ணாடி வேட்டி மடிப்புலதான் இருந்துச்சு. மே மாசம் பயலை அனுப்பி வை, இந்தக் கண்ணு சங்கதியை அவன்கிட்ட மூச்சு விட்றாத. வர்றப்பப் பையில பழைய அம்புலிமாமா ரெண்டு போட்டுவிடு, கடைசிப் பக்கம் இல்லாததாப் பார்த்து.